ஷேர் போடுவது: பாகப்பிரிவினையா, கூட்டுப்பட்டாவா?

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கினால் எங்கள் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டர்களில் கால் வைக்க இடம் இருக்காது. சிட்டா, அடங்கல், பாஸ்புக், ஆதார் என்று ஆளுக்கொரு கத்தையோடு நிற்பார்கள். நீடாமங்கலத்தில் நான் உட்காரும் கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்யும், ஒரு சிஸ்டத்தில் விண்ணப்பம் நிரப்புவோம், இன்னொன்றில் பிரின்ட் எடுப்போம். மூன்றுக்கும் நடுவே நாள் முழுக்க ஓடுகிற குரல் ஒன்றுதான்: "ஷேர்ல போட்டாச்சுண்ணே!" எல்லா சிஸ்டமும் திறக்கக்கூடிய பொது ஃபோல்டரில் கோப்பைப் போட்டாயிற்று என்று அர்த்தம். இந்த ஷேருக்குத் தமிழ் என்ன?

பகிர்வு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். தப்பில்லை. பகு என்ற வேரிலிருந்து வந்தது பகிர். பகுதி, பகுப்பு எல்லாம் அதன் பங்காளிகள். பிளப்பது, கூறு போடுவது என்பதே வேரின் பொருள். ஆங்கில ஷேரும் வெட்டுவதிலிருந்துதான் பிறந்தது. ஏர்க்கொழுவுக்கும் ஆங்கிலத்தில் ஷேர் என்றுதான் பெயர், மண்ணை வெட்டிக்கொண்டு போவதால். ஆக இரண்டு மொழியிலும் சொல்லுக்குள் ஒரு கத்தி இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் கூலியைக் கூறு போடுகிறோம், கம்பெனி ஷேரில் முதலைக் கூறு போடுகிறோம்.

கணினியில் மட்டும் கூறு விழுவதே இல்லை. நான் ஷேர் போட்ட ஃபோல்டரை நாலு பேர் திறந்தாலும் நாலு துண்டாகாது, நாலு நகலும் ஆகாது. கோப்பு இருப்பது ஒரே வட்டில்தான். மற்றவர்களுக்கு அது தங்கள் சிஸ்டத்திலேயே இருப்பதுபோலத் தெரியும், திருத்தினால் மூலமே திருந்தும். நம்மூர்க்காரருக்கு விளக்க ஒரு சொல் போதும்: கூட்டுப்பட்டா. நிலம் ஒன்று, பட்டாவில் பெயர் பல. உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கினால் அது பாகப்பிரிவினை. கணினியில் அதற்குப் பெயர் காப்பி. சொல் பகிர்வாகவே இருக்கட்டும், படம் மட்டும் கூட்டுப்பட்டாவாக மனதில் இருக்க வேண்டும்.

கூட்டுப்பட்டா என்றால் தகராறும் உண்டு. ஒரே கோப்பில் இருவர் ஒரே நேரத்தில் எழுதினால்? முறைத்தண்ணீர் மாதிரிதான். ஒருவர் மடையைத் திறந்திருக்கும்போது மற்றவர் பார்க்கலாம், பாய்ச்ச முடியாது. யாருக்கு எப்போது முறை, யார் உள்ளே வரலாம், எப்படிக் கேட்க வேண்டும் என்று இரண்டு இயந்திரங்கள் பேசிவைத்துக்கொள்ளும் ஒழுங்குதான் புரோட்டோகால். தமிழில் நெறிமுறை, நல்ல சொல், நிலைத்தும் விட்டது.

கோப்புப் பகிர்வு நெறிமுறைகளில் முக்கியமானவை இரண்டு. ஐபிஎம்மில் 1983 வாக்கில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது எஸ்எம்பி. மைக்ரோசாஃப்ட் அதை வளர்த்தது, விண்டோஸில் ஷேர் என்றால் இதுதான். சன் என்ற கணினி நிறுவனம் 1984-இல் கொண்டுவந்தது என்எஃப்எஸ். விண்டோஸ் போலவே இயங்குதளங்களான யூனிக்ஸ், லினக்ஸ் வீட்டுப் பிள்ளை. ஆப்பிள் தனக்கென்று ஏஎஃப்பி என்ற நெறிமுறையை வைத்திருந்தது, 2013-இல் அதுவும் எஸ்எம்பி பக்கம் வந்துவிட்டது.

லினக்ஸ் கணினி விண்டோஸுக்கு ஷேர் கொடுக்க உதவும் மென்பொருளுக்குப் பெயர் சாம்பா. முதன்முதலில் கேட்டபோது எனக்குக் குறுவை எங்கே என்று கேட்கத் தோன்றியது. நெல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கான்பெராவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991-இல் எழுதத் தொடங்கினார். வைத்திருந்த பெயருக்கு வேறொரு நிறுவனம் உரிமை கோரியதால், எஸ், எம், பி மூன்றும் அதே வரிசையில் வரும் சொற்களைக் கணினி அகராதியில் தேடினார். பிரேசில் நடனத்தின் பெயர் சிக்கியது. இதைப் பெயர்க்கக் கூடாது, அப்படியே விட்டுவிடலாம்.

அப்புறம் கிளையன்ட், சர்வரிடம் ஒன்றைக் கேட்டு வரும் இயந்திரம். தமிழில் இதற்கு ஆளுக்கொரு சொல். வக்கீலிடம் போனால் கட்சிக்காரர், கடைக்குப் போனால் வாடிக்கையாளர். கணினித் தமிழில் சர்வரை வழங்கி என்றும் கிளையன்ட்டை வாங்கி என்றும் எழுதுகிறார்கள். எனக்கு இந்த ஜோடி பிடிக்கும், ஆனால் எங்கள் ஜெராக்ஸ் மெஷின் அதைக் குழப்பிவிட்டது. ஸ்கேனைக் கொண்டுவந்து தருவது மெஷின், பெற்றுக்கொள்வது சிஸ்டம். ஆனாலும் மெஷின்தான் வாங்கி! அது வாங்குவது கோப்பு அல்ல, கோப்பு வைக்க ஓர் இடம். கதவைத் தட்டுவது யாரோ அவர் வாங்கி, திறப்பவர் வழங்கி.

ஒரு சம்பாப் பருவத்தில் அந்தக் கதவு திறக்கவில்லை. பழைய சிஸ்டம் போய்ப் புதியது வந்த மறுநாள், ஸ்கேன் ஒன்றும் ஃபோல்டருக்கு வரவில்லை. கேபிளை மாற்றினோம், பாஸ்வேர்டை மாற்றினோம். சிக்கல் நெறிமுறையின் பதிப்பில் இருந்தது. மெஷினுக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 மட்டும். 2017 மே மாதம் வான்னக்ரை என்ற நச்சுநிரல் அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10-இல் எஸ்எம்பி 1 வழங்கி தானாக வருவதில்லை. அமைப்பில் தேடித் திரும்ப இயக்கலாம், ஆனால் ஊராரின் ஆதார் நகல்கள் கிடக்கும் சிஸ்டத்தில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அந்த வாரம் பென் டிரைவில் ஓட்டினோம். ஒரே அடங்கலுக்கு மூன்று சிஸ்டத்தில் மூன்று நகல், எது திருத்தியது எது திருத்தாதது என்று பெரியவர் ஒருவரை ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டோம். சரியான பாகப்பிரிவினை. பிறகு மெஷினின் மெனுவைக் குடைந்ததில் கோப்பு அனுப்ப எஃப்டிபி என்ற பழைய வழி ஒன்று இருந்தது. கடைக்குள்ளேயே ஓடும் வயரில் அது போதும் என்று மாற்றிவிட்டோம். கடைப் பையன் இன்னும் "ஷேர்ல போட்டாச்சுண்ணே" என்றுதான் கத்துகிறான்.