சமரசம் பேசி அனுப்பிவைக்கவா குடும்ப வன்முறைச் சட்டம்?

காவல் நிலையம் தந்த சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று மீண்டும் என் மேசைக்கு வந்திருக்கிறது. கணவர் அடித்ததாகப் புகார் கொடுக்கப் போன பெண்ணிடம், மனு பெறப்பட்டது என்பதற்கு மேல் எதையும் சொல்லாத அந்தத் தாளைக் கொடுத்து, இரு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசி, "இனி அடிக்க மாட்டேன்" என்று கணவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அதே வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணோ அதை வழக்குப் பதிந்ததற்கான எப்.ஐ.ஆர். என்றே நம்பியிருந்தார்.

1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டது பெண்கள் கூச்சமின்றிப் புகார் சொல்வதற்காக, கட்டப்பஞ்சாயத்துக்காக அல்ல.

காவலர்கள் முதல் பெற்றோர் வரை எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "கேஸ் போட்டால் புருஷன் ஜெயிலுக்குப் போவான், குடும்பம் உடையும்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் குற்றவியல் நடுவரிடம் மனு செய்வதால் மட்டும் எவரும் கைதாவதில்லை. அடிக்கக் கூடாது, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது, செலவுக்குப் பணம் தர வேண்டும் என்று உத்தரவு கேட்கும் மனு அது. அதற்கு எப்.ஐ.ஆர். தேவையில்லை, விவாகரத்தும் தேவையில்லை. மனைவி மட்டுமல்ல, தாயும் சகோதரியும்கூடக் கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வரும். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், அது மருமகள் வாழ்ந்த பகிர்வு இல்லமாக, அதாவது அங்கே வசிக்க அவருக்கு உரிமையுள்ள வீடாக இருக்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. (வீட்டுப் பத்திரத்தைக் காட்டி மிரட்டும் மாமனார்கள் இன்னும் குறையவில்லை என்பது வேறு விஷயம்.)

இந்த உரிமைகளையும் இலவச சட்ட உதவியையும் பற்றி, புகார் பெறும் காவல் அதிகாரியே பெண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 5-ஆவது பிரிவு. காவலர்களுக்கும் நீதித்துறை அலுவலர்களுக்கும் பயிற்சி தருவது அரசின் கடமை என்கிறது 11-ஆவது பிரிவு. முதல் விசாரணை 3 நாட்களுக்குள் தொடங்கி, 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்வதற்குள்ளாகவே மாதங்கள் ஓடிவிடுகின்றன. மனு செய்யவும் உத்தரவை நடைமுறைப்படுத்தவும் பெண்ணுக்குத் துணைநிற்கும் பாதுகாப்பு அலுவலர்கள்தாம் இந்தச் சட்டத்தின் கை கால்கள். மாவட்டத்திலும் வட்டத்திலும் அவர்களை நியமிக்கும்படி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. வேறொரு பொறுப்போடு கூடுதல் வேலையாக ஒட்டவைக்காமல், முழுநேர அலுவலர்களாக, உதவியாளரும் வாகனமும் தந்து தமிழக அரசு நியமிக்க வேண்டும். ஒவ்வொரு காவல் நிலைய வாசலிலும் அந்தப் பகுதிப் பாதுகாப்பு அலுவலரின் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதப்பட வேண்டும். கைதுசெய்யத்தக்க குற்றம் நடந்திருந்தும் எப்.ஐ.ஆர். பதியாமல் சமரசம் பேசுபவர்கள் மீது துறை நடவடிக்கை வேண்டும்.

பெண்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவரிடம் "வழுக்கி விழுந்தேன்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள், அந்தப் பதிவுதான் பின்னால் சாட்சி. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆதார், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று காத்திருக்க வேண்டாம். பெண்கள் உதவி எண் 181 எந்த நேரமும் இயங்கும். உயிருக்கு ஆபத்து என்றால் 112.