உங்கள் மாத்திரை எந்த அடுக்கில் இருக்கிறது?

"காப்பீடு இருக்கிறதே, அப்புறம் ஏன் இவ்வளவு பணம்?" மருந்தாளுநராக வேலை பார்க்கும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. மாதம் தவறாமல் பிரீமியம் கட்டுபவருக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

பல காப்பீட்டுத் திட்டங்கள் மருந்துகளை அடுக்கடுக்காகப் பிரித்து ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. பொதுவாகக் கீழ் அடுக்கில் ஜெனரிக் மருந்துகள், அதாவது பிராண்டு மருந்தில் உள்ள அதே மருந்தைக் கொண்ட விலை குறைந்த வகைகள், இருக்கும். அடுத்தது, காப்பீட்டு நிறுவனம் தள்ளுபடி பேசி முடித்த பிராண்டுகள். அதற்கு மேல் மற்ற பிராண்டுகள். உச்சியில் புற்றுநோய், மூட்டுவாதம் போன்றவற்றுக்கான விலை மிகுந்த சிறப்பு மருந்துகள். கீழ் அடுக்குகளில் பெரும்பாலும் ஒரு சிறிய நிலையான தொகை கட்டினால் போதும். மேலே போகப் போக, மருந்து விலையில் இத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். விலை ஏறினால் உங்கள் பங்கும் கூடவே ஏறும்.

மேல் அடுக்கு மருந்து என்றால் வீரியம் அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பயனை வைத்துப் பிரிக்கும் முறையும் உண்டுதான்: பிரான்ஸில் அரசுக் காப்பீடு மருந்தின் பயனை எடைபோட்டு, விலையில் 65, 30, 15 சதவீதம் என்று திருப்பித் தருகிறது. மாற்றில்லாத, விலை மிகுந்த மருந்துகளுக்கு 100 சதவீதம். தனியார் திட்டங்களின் அடுக்குகளிலோ விலைக்கும் தள்ளுபடிப் பேரத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுத்துவந்த ஒரு பெரியவரை என்னால் மறக்க முடியாது. மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மினிலேயே, மாத்திரை தயாரிக்கும் முறையைப் பொறுத்துச் சில வகைகள் உண்டு. மருந்து ஒன்றுதான், விலையில்தான் பெரிய வித்தியாசம். அவருடைய சீட்டில் இருந்தது மேல் அடுக்கு வகை. பணம் கட்டுப்படியாகாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவரைப் போனில் கூப்பிட்டேன். ஐந்தே நிமிடத்தில் முதல் அடுக்கு வகைக்கு மாற்றிக் கொடுத்தார். சீட்டு எழுதும்போது எந்த மருந்து எந்த அடுக்கு என்பது மருத்துவர் கண்ணில் படுவதே இல்லை என்பதுதான் பல நேரம் நிலைமை. அதனால் சீட்டு வாங்கும்போதே கேளுங்கள்: "இதே வேலையைச் செய்யும் மருந்து என் காப்பீட்டில் கீழ் அடுக்கில் இருக்கிறதா?" இப்படிக் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

சில மருந்துகளுக்கு முன் அனுமதி வேண்டும். சிலவற்றுக்கு, முதலில் விலை குறைந்த மருந்தைச் சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பார்கள். இந்தக் காரணங்களால் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். விதிவிலக்கு கேட்க வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் மருந்துத் திட்டங்களில், விதிவிலக்கு ஏன் வேண்டும் என்ற மருத்துவரின் விளக்கம் வந்த 72 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவசரம் என்றால் 24 மணி நேரம். அந்த விளக்கத்தில் "இந்த மருந்து அவசியம்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. ஏற்கெனவே எந்தெந்த மருந்து, எத்தனை நாள் சாப்பிட்டார், என்ன பக்கவிளைவு வந்தது, ஏன் நிறுத்தினார் என்று தேதியோடு இருக்க வேண்டும். அந்த விவரங்களை நீங்களே ஒரு தாளில் குறித்துக் கொண்டுபோனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். பாலிசியைப் புதுப்பிக்கும் முன், நீங்கள் தினமும் எடுக்கும் ஒவ்வொரு மருந்தையும் அதன் அளவோடும், மாத்திரையா கேப்சூலா என்பதோடும் புதிய பட்டியலில் தேடிப் பாருங்கள்.