பசையம்: ஒட்டுவதும் பிடிப்பதும்

எங்கள் கொங்குப் பக்கத்தில் கம்பு மாவைத் தட்டித்தான் ரொட்டியாக்க முடியும், இழுத்தால் பிய்ந்துவிடும். அதே தெருவில் உள்ள புரோட்டாக் கடையில் மைதா உருண்டையை வீசினால் துணிபோல விரிகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணமான புரதத்தைத்தான் 'குளூட்டன்' என்கிறார்கள். இலத்தீனில் இதற்குப் 'பசை' என்று பொருள்.

18ஆம் நூற்றாண்டில் இத்தாலியைச் சேர்ந்த பெக்காரி இதைக் கோதுமை மாவிலிருந்து கழுவிப் பிரித்தார். நாமும் பார்க்கலாம். பிசைந்த கோதுமை மாவைக் குழாயடியில் பிடித்துக் கசக்கினால் மாச்சத்து பாலாகக் கரைந்து ஓடும். கையில் மிஞ்சுவது ரப்பர்போல இழுபடும் மங்கலான கட்டி. அல்வாவுக்குக் கோதுமைப்பால் பிழிந்தபின் ஒதுக்கும் சக்கையிலும் இதுதான் கிடக்கிறது.

தமிழில் 'பசையம்' என்பதே சரியான சொல் என்பேன். பச்சை, பச்சையம் ஆனதுபோலப் பசை, பசையம் ஆகிறது. பசை என்றால் பிசுபிசுப்புதானே என்று சிலர் தயங்குகிறார்கள். பசைக்குத் தமிழில் அன்பு, பற்று என்ற பொருள்களும் உண்டு. ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்கும் குணம் அது. ரொட்டி மாவில் காற்றைச் சிறைப்பிடித்து உப்பச் செய்வதும் அந்தப் பிடிப்புதான்.

பிசுபிசுப்பு வேறு, பசையம் வேறு என்பதற்கு ஒரு கோதுமை ரகமே சான்று. சோவியத் நாட்டின் 'காவ்காஸ்' என்ற குளிர்காலக் கோதுமை ரகத்தில் ரை தானியத்தின் குரோமோசோம் துண்டு ஒன்று இருக்கிறது. கோதுமையைத் தாக்கும் துரு என்ற பூஞ்சை நோயைத் தாங்கும் மரபணுக்கள் அதனுடன் வந்தன. ஆனால் பசையப் புரதங்கள் சிலவற்றுக்கான கோதுமைத் துண்டு போய், அந்த இடத்தில் ரையின் புரதம் வந்தது. அதனால் இத்துண்டு கொண்ட ரகங்களில் மாவு வலுவிழந்து கையில் ஒட்டுவது பெருங்குறை. பயிரைக் காத்த துண்டே ரொட்டியைக் கெடுத்தது!

துரு நமக்கும் தொலைவில் இல்லை. சமவெளியில் கோதுமை இல்லாத மாதங்களில் அது நீலகிரியில் தங்கிக் காற்றில் பரவும் என்று பயிர்நோய் அறிஞர் கே.சி. மேத்தா கண்டறிந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் வெலிங்டனில் கோதுமை ஆய்வு நிலையம் இருக்கிறது.

கம்பு மாவுப் பொட்டலத்தில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிடுகிறவர்கள் 'பசையமற்றது' என்று அச்சிடட்டும். பிசைந்த மாவு கையில் ஒட்டினால் மட்டும் 'பிசுபிசுக்கிறது' என்று சொல்லுங்கள்.