கனர்பேஷன் என்றால் கூட்டுநகர்

ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கிலிருந்து ஏ40 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் எசன், போஹும், டோர்ட்முண்ட் என்று வரிசையாக ஊர்கள் வரும். ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது என்பதைப் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி மேயர், தனி மன்றம், தனி வரவு செலவு. இப்படித் தனித்தனியே வளர்ந்து, கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட நகரங்களின் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் பெயர்தான் ‘கனர்பேஷன்’.

சொல்லை உருவாக்கியவர் பாட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். உயிரியல் படித்து, நகரமைப்புக்கு வந்தவர். லத்தீனில் ‘உர்ப்ஸ்’ என்றால் நகரம். ‘கன்’ என்ற முன்னொட்டுக்குச் சேர்ந்து என்று பொருள். இரண்டையும் இணைத்து 1915இல் வெளியான தன் நூலில் இந்தச் சொல்லை முன்வைத்தார். மான்செஸ்டரும் அதைச் சுற்றிய ஆலை நகரங்களும் ஒன்றாகிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அந்தத் திரளுக்கு ‘லங்காஸ்டன்’ என்றுகூடப் பெயர் வைத்தார். அந்தப் பெயர் நிற்கவில்லை, பொதுச்சொல் நின்றுவிட்டது.

கெடஸுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1914இல் அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை இந்தியாவுக்கு ஏற்றிவந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. ஆமாம், சென்னையில் குண்டு போட்டு, ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம்மைப் பேசவைத்த அதே கப்பல்தான். கெடஸ் சளைக்கவில்லை. புதிதாகப் பொருள்கள் சேர்த்து 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். மதுரை, தஞ்சாவூர் பற்றியும் அறிக்கை எழுதினார்.

சரி, ஒட்டிக்கொண்ட நகரங்களுக்குத் தனிச்சொல் எதற்கு? சாலையை வைத்துப் பார்த்தால் புரியும். எசன் நகராட்சி தன் எல்லை வரை அகலச் சாலை போட்டு, போஹும் அந்த இடத்தில் வீடு கட்ட அனுமதித்துவிட்டால் சாலை முட்டுச்சந்தாகிவிடும். முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனி இழப்பீடாக நிலக்கரி கொடுக்க வேண்டியிருந்தது. சுரங்கங்களுக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு வீடு வேண்டும், வீட்டுக்குச் சாலை வேண்டும். ஒரு நகராட்சியால் தனியாக ஆகிற காரியமா? 1920இல் அந்தப் பகுதி அடங்கிய ப்ரஷ்ய மாநிலத்தின் அரசு சட்டம் போட்டு, ரூர் எனப்படும் இந்த நிலக்கரிப் பகுதியின் நகரங்களை ஒரே சங்கத்தில் சேர்த்தது. ஊர்களைக் கலைத்து ஒன்றாக்கிவிடவில்லை. ஊர்களைக் கடந்துபோகும் சாலைகளையும் ஊர்களுக்கிடையே விடவேண்டிய பசுமை நிலத்தையும் சேர்ந்து திட்டமிடச் சொன்னது. இன்றைய ஏ40 சாலையின் தொடக்கம் அந்தச் சங்கம் 1920களில் போட்ட திட்டம்தான்.

2010இல், ஜூலை 18 அன்று ஒருநாள் மக்கள் திருவிழாவுக்காக இந்தச் சாலையில் வண்டிகளை நிறுத்தினார்கள். சுமார் 60 கிலோமீட்டருக்கு ஒரு பக்கம் ஏறத்தாழ 20,000 மேசைகள், மறுபக்கம் சைக்கிள்கள். வந்தவர்கள் 30 லட்சம் பேர் என்று கணக்கிட்டார்கள். அதற்காக டோர்ட்முண்ட்காரரும் அதே ரூர் பகுதியின் எதிரணியான ஷால்க்கேயின் ரசிகரும் கால்பந்தில் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கூட்டு வேறு, கலப்பு வேறு. சங்கம் இன்றும் இருக்கிறது. 11 நகரங்கள், 4 மாவட்டங்கள், 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பெருநகர்’ பொருந்தாது. அது மெட்ரோபாலிஸ், ஒரு முதன்மை நகரும் அதைச் சுற்றி வளரும் துணைநகரங்களும். சென்னை அந்த வகை. ‘இரட்டை நகர்’ இரண்டோடு நின்றுவிடுகிறது. ‘நகரத் திரள்’ பரவாயில்லை, ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வரும் ‘அர்பன் அக்லோமரேஷன்’ என்பதற்கு அதை விட்டுவைப்பது நல்லது. அதில் ஒரே நகரமும் அதன் புறநகரும்கூட அடங்கும்.

என் தேர்வு ‘கூட்டுநகர்’. பல ஊர்கள் தம் பெயரையும் எல்லையையும் வைத்துக்கொண்டே ஒரு காரியத்தில் சேர்வதற்கு நாம் ஏற்கெனவே ‘கூட்டு’ என்றுதான் சொல்கிறோம்: கூட்டுக் குடிநீர்த் திட்டம். வடமாவட்டங்களில் சாலைகள் சேரும் இடத்தைக் ‘கூட்டுரோடு’ என்று பேருந்து நடத்துநரே கூவுகிறார். பன்மையில் கூட்டுநகர்கள்; அடையாக வரும்போது கூட்டுநகர்ச் சாலை, கூட்டுநகர்த் திட்டக் குழு. ‘கூட்டு நகராட்சி’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது, அது நகராட்சிகளையே இணைத்துவிட்டதாகப் பொருள் தரும்.