மேலே காடு, கீழே வெறுந்தரை: நக்கிள்ஸ் மலையில் தண்ணீர் தங்கும் விதம்

ஆடி மாதத்தில் திருகோணமலையில் கச்சான் வீசும். காலை பத்து மணிக்கே அனல் முகத்தில் அடிக்கும், உதடு வெடிக்கும், கொடியில் போட்ட உடுப்பு போட்ட வேகத்தில் காய்ந்துவிடும். அதே நேரத்தில், இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தெற்கே, மாத்தளைக்கு மேலே நிற்கும் நக்கிள்ஸ் மலை முகட்டில் மரங்கள் எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து நிற்கும். இரண்டையும் செய்வது ஒரே காற்றுத்தான்.

தென்மேற்குப் பருவக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் முட்டுகிறது. போக வேறு வழியில்லாமல் மேலே ஏறுகிறது. மேலே அழுத்தம் குறைவு என்பதால் காற்று விரிகிறது. விரியும் காற்று குளிரும். ஈரம் துளியாக மாறாத வரை, 1000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் குறையும். துளி கட்டத் தொடங்கிவிட்டால் ஆவிக்குள் அடங்கியிருந்த வெப்பம் வெளியே வரும், அதனால் குளிர்வது மெதுவாகி 5, 6 பாகைதான் குறையும். மழையெல்லாம் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்ந்த பிறகு, ஈரம் இழந்த காற்று முகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும்போது துளி இல்லை, ஆகவே 1000 மீற்றருக்கு முழுசாக 10 பாகை சூடேறுகிறது. ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது பெறுவது கூட. அதுதான் கச்சான்.

மழை கொடுக்காத அந்தக் காற்று மலையில் விட்டுவிட்டு வந்த தண்ணீர் ஒரு வகையில் நம்மிடம் வரத்தான் செய்கிறது. நக்கிள்ஸின் மேற்கு, வடக்குச் சரிவுகளில் ஊறும் ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு அம்பன் கங்கை ஓடுகிறது. 2018இல் திறந்த மொரகஹகந்த நீர்த்தேக்கம் அதை இப்போது மறிக்கிறது. அதற்குக் கீழே எலஹெர அணைக்கட்டில் இருந்து பழைய மன்னர் காலத்து வாய்க்கால் ஒன்று மின்னேரியாவுக்கும், அங்கிருந்து கவுடுல்ல வழியாகக் கந்தளாய்க்கும் தண்ணீர் கொண்டுவருகிறது. குளக்கோட்டன் கட்டியது என்று நம் ஊர் மரபு சொல்லும் அதே கந்தளாய்க் குளம். தம்பலகாமத்து வயலில் சிறுபோகம் விளைவதும், திருகோணமலை நகரத்துக் குழாயில் தண்ணீர் வருவதும் அந்தக் குளத்தை நம்பித்தான். வாய்க்காலில் திரும்பாத மிச்சத் தண்ணீர் மகாவலியில் கலந்து, மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடல் சேர்கிறது.

அந்தத் தண்ணீர் பிறக்கும் இடத்தைக் கால்நடையாகப் பார்க்க வேண்டும் என்றுதான் நண்பர்கள் சிலரோடு மலை ஏறினேன். வழிகாட்ட ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த ஒரு அண்ணன் வந்தார். அட்டைக்குக் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு நடந்தோம். சராசரியாகப் பார்த்தால், மலையில் 1000 மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும் என்று படித்திருப்போம். அதைத் தோல் உணருவது வேறு. கீழே வானம் தொட்ட மரங்கள் மேலே போகப் போகக் குள்ளமாகின. இலைகள் சிறுத்துத் தடித்தன. நம் கடற்கரைப் புன்னையின் உறவான கீனா மரம், முகட்டுக் காற்றில் ஒரே பக்கம் சாய்ந்து, கிளை முழுக்கப் பாசி போர்த்து நின்றது. அந்தப் பாசியில் ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். தண்ணீர் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை வழிந்தது. அன்று மழையே பெய்யவில்லை.

இந்தத் தண்ணீர் முகிலில் இருந்து நேரடியாக வந்தது. முகில்துளி ஒன்றின் விட்டம் 10 முதல் 20 மைக்ரோமீற்றர். ஒரு மில்லிமீற்றரை நூறு பங்காக்கி அதில் ஓரிரு பங்கு. அது தன் எடையால் விழும் வேகம் விநாடிக்கு 1 சென்ரிமீற்றர் அளவு, அதாவது விழுவதே இல்லை என்று சொல்லலாம். காற்று எங்கே போகிறதோ அங்கேயே துளியும் போகும். அகலமான பொருள் எதிர்ப்பட்டால் காற்று தூரத்திலேயே வளைந்து விலகும், துளியும் கூடவே விலகிவிடும். ஆனால் பாசியின் இழை, மரத்தில் தாடிபோல் தொங்கும் லைக்கன், சிறிய இலையின் ஓரம் போன்ற மெல்லியவற்றைச் சுற்றிக் காற்று சட்டென்று வளைய வேண்டியிருக்கிறது. அந்த வளைவில் துளியால் திரும்ப முடிவதில்லை, நேரே போய் இழையில் முட்டி ஒட்டிக்கொள்கிறது. பல துளிகள் சேர்ந்து கனத்ததும் சொட்டுகிறது. ஈரமான வெப்பமண்டல மலைகளில் இப்படிப் பிடிபடும் தண்ணீர், சாதாரண மழையில் 5 முதல் 20 சதவீதம் வரை இருக்கும் என்று உலகின் பல முகில்காடுகளில், அதாவது முகில் அடிக்கடி படியும் மலைக்காடுகளில், அளந்திருக்கிறார்கள். மழை இல்லாத மாதங்களில் அதன் பங்கு இன்னும் கூடும். மழைமானியைத் திறந்த வெளியில் வைத்துப் பார்த்தால் இந்தத் தண்ணீர் கணக்கிலேயே வராது. மரத்தை வெட்டினால் முகில் அப்படியே கடந்து போய்விடும்.

சரி, சொட்டிய தண்ணீர் எங்கே தங்குகிறது? எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமான இடம் இதுதான். தண்ணீரைத் தேக்குவது மரம் இல்லை, மரத்தின் கீழே உள்ள தரை.

நல்ல காட்டுக்குள் உதிர்ந்த இலைக்குள் கையை விட்டால் மண் தட்டுப்படுவதற்கு முன் மணிக்கட்டு புதைந்துவிடும். மேலே முழு இலை, அதன் கீழே கிழிந்த இலை, அதற்கும் கீழே வெள்ளை நூலாகப் பூஞ்சை பின்னிய கறுப்பு மக்கு. மண்ணுக்குள் செத்துப்போன வேர் விட்ட குழாய்களும், மண்புழு போன வழிகளும், கறையான் தோண்டிய பாதைகளும் நிறைந்திருக்கின்றன. எவ்வளவு அடித்துப் பெய்தாலும் தண்ணீர் மேலே ஓடாமல் இந்த வழிகளில் உள்ளே இறங்கிவிடும். உள்ளே இறங்கிய தண்ணீர் பாறை இடுக்குகளில் மெதுவாக நகர்ந்து வாரங்கள், மாதங்கள் கழித்து ஊற்றாகக் கசியும். கச்சான் காலத்திலும் ஓடையில் தண்ணீர் இருப்பது இதனால்தான்.

முகட்டில் இருந்து இறங்கி வரும் வழியில் ஓரிடத்தில் எனக்குக் காடு முன்னைவிட நன்றாக இருப்பதாகவே பட்டது. உயரமான மரங்கள், நல்ல நிழல், நடக்க வசதியான இடைவெளி. அண்ணன் நின்றார். "மேல பாத்தா ஒண்ணும் தெரியாது தம்பி, குனிஞ்சு பாருங்க. இங்க ஒரு மரக்கன்னு காட்டுங்க பாப்போம்" என்றார்.

தேடினோம். பெரிய மரத்தின் கன்று ஒன்றுகூட இல்லை. தரையெங்கும் ஏலச்செடிப் புதர்கள். அவற்றுக்கு இடையில் வெறும் மண். சின்னச் சின்னக் கற்கள் ஒவ்வொன்றும் விரல் உயர மண்தூண் ஒன்றின் தலையில் உட்கார்ந்திருந்தன. கல் மூடிய இடத்து மண் மட்டும் நின்றது, சுற்றியிருந்த மண் போய்விட்டது. மரங்களின் வேர்கள் நரம்புபோல வெளியே தெரிந்தன.

ஏலத்துக்கு நிழல் வேண்டும். ஆகவே ஏலம் போடுகிறவர்கள் காட்டை மொட்டையடிப்பதில்லை. மேலே கிளைகளை ஐதாக்குவார்கள், கீழே உள்ள செடி கொடி, கன்றுகள் எல்லாவற்றையும் வெட்டித் துப்புரவாக்குவார்கள். சிங்களத்தில் நெலு என்று சொல்லும் குறிஞ்சிச் செடிகள் அடர்ந்து கிடந்த இடம் அது. பச்சை ஏலக்காயைக் காயவைக்கும் கொட்டிலுக்கு விறகும் அதே காட்டில்தான். முன்பு இதற்கென்றே காட்டுநிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது, 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனாலும் கைவிட்டுப் போன ஏலம் தானாகச் சாவதில்லை. கிழங்கில் இருந்து மறுபடி மறுபடி தழைத்து, கன்றுகளுக்கு இடம் விடாமல் நிற்கிறது.

மரம் நிற்கிறதே, நிழல் இருக்கிறதே, மண் ஏன் போகிறது? மழைத்துளி பெரும்பாலும் 1, 2 மில்லிமீற்றர் விட்டம் இருக்கும். அது மரத்தின் உச்சியில் விழுந்தால் இலை நுனியில் மற்றத் துளிகளோடு சேர்ந்து 5 மில்லிமீற்றர் வரை பருத்துத்தான் சொட்டும். 2 மில்லிமீற்றர்த் துளியைவிட 5 மில்லிமீற்றர்த் துளியின் எடை 15 மடங்கு. பத்து மீற்றர் உயரத்தில் இருந்து விழுந்தால் விநாடிக்கு 8 மீற்றருக்கு மேல் வேகம் எடுத்துவிடும். உயரமான மரத்தின் கீழே நடுவில் தாங்க எதுவும் இல்லையென்றால், தரையில் விழும் அடி திறந்த வெளியில் விழும் மழையைவிடக் கடுமையானது. கன்றுகளும் குறிஞ்சியும் பன்னமும் சருகும் இருந்தால் அந்தத் துளி நான்கைந்து தடவை தட்டுப்பட்டு வேகம் இழந்து வந்து சேரும். அவை இல்லாத இடத்தில் ஒவ்வொரு துளியும் மண்ணை உடைத்துத் தெறிக்க வைக்கிறது. தெறித்த நுண்மண், மண்ணின் துளைகளை அடைக்கிறது. துளை அடைபட்டால் தண்ணீர் உள்ளே போகாது. சரிவில் ஓடும், மண்ணையும் இழுத்துக்கொண்டு.

விமானத்தில் இருந்தோ செய்மதியில் இருந்தோ படம் எடுத்தால் அந்த இடம் பச்சையாகத்தான் தெரியும். காட்டின் பரப்பு இவ்வளவு என்று கணக்குப் போடும்போது அதுவும் காட்டுக்குள்தான் சேரும். காடழிப்பு என்றால் கரிந்த அடிக்கட்டைகளும் வெட்டவெளியும் என்று நினைத்துப் பழகிய கண்ணுக்கு இது அழிவாகவே படாது. கீழ்ச்சரிவுகளில் மானாப்புல்லுக்குத் தீ வைத்துக் கரிந்த இடங்களையும் பார்த்தோம், அவை மனதை வருத்தின. ஆனால் கன்றே இல்லாத அந்தக் காட்டை நினைக்கும்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வருகிறது. இப்போது நிற்கும் மரம் விழுந்தால், அந்த இடத்துக்கு வர அடுத்த மரம் இல்லை.

மரத்தை வெட்டினால் ஆறு வற்றும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பாதி உண்மை. மரமும் தண்ணீர் குடிக்கும், இலை வழியாக ஆவியாக்கும். ஆகவே தாழ்நிலக் காடுகளில் மரத்தை வெட்டினால் ஆண்டு முழுவதும் ஆற்றில் ஓடும் மொத்தத் தண்ணீர் பெரும்பாலும் கூடவே செய்கிறது. பல நாடுகளில் நீரோடைகளை அளந்து இதைக் கண்டிருக்கிறார்கள். சிக்கல் தண்ணீர் வரும் காலத்தில்தான். தரை கெட்டால் மார்கழி மழை ஒரே மூச்சில் இறங்கி வெருகலையும் மூதூரையும் கிண்ணியாவையும் மூழ்கடிக்கும், ஆடியில் ஊற்று வறளும். முகில்காட்டில் கணக்கு இன்னும் மாறுகிறது. அங்கே எப்போதும் ஈரமும் மூட்டமும் என்பதால் மரங்கள் ஆவியாக்குவது குறைவு, முகிலில் இருந்து பிடிப்பது அதிகம். அந்தக் காட்டை வெட்டினால் இரண்டு பக்கமும் நட்டம் வரலாம். அடிவாரக் காட்டை அழித்தாலும் பாதிப்பு மேலே போகும்: தரை சூடாகி, வரண்ட காற்று ஏறி, முகில் படியும் மட்டமே உயர்ந்துவிடும் என்பதை மத்திய அமெரிக்காவின் கோஸ்டாரிகாவில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள்.

இந்த மலைகளில் பெரிய வெட்டு நடந்தது கோப்பிக் காலத்தில். 1830களுக்குப் பிறகு சரிவு சரிவாகக் காட்டை வெட்டிக் கொளுத்திக் கோப்பி நட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிரே முடிந்தது. இடத்தைத் தேயிலை பிடித்தது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல், 5000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடக் கூடாது என்று ஆலோசனை சொன்னார். இன்று உச்சிகளில் காடு மிஞ்சியிருப்பதில் அந்தக் கோட்டுக்கும் பங்கு உண்டு. வெட்டிய கைகள் தமிழ்நாட்டில் இருந்து மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த கூலிகளின் கைகள். வழியிலேயே காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். காட்டை அழித்த பழியை அவர்கள் மேல் போடுவது பெரிய அநியாயம். எங்களுக்கு வழிகாட்டிய அண்ணன் அந்த வழியில் வந்த குடும்பம்தான். எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றும் என்று அவரைப் போலச் சொல்ல நூலகத்தில் ஆள் கிடையாது.

கெட்ட தரை திரும்ப வருமா என்று கேட்டேன். "வரும் தம்பி, ஓரத்துல இருந்து வரும்" என்றார். அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. மலைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதையைக் கொண்டுபோய்ப் போடுவது கொண்டைக்குருவிகளும் காட்டுப்புறாக்களும். வெட்டவெளியின் நடுவுக்கு அவை அதிகம் போவதில்லை. உட்காரக் கிளை இருக்கும் இடம் வரைதான். நடுவில் விழுந்த விதையும் வெயிலில் காயும், அல்லது திறந்த இடத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் பன்னத்தின் அடர்த்தியில் முளைக்க வெளிச்சம் கிடைக்காது. ஆகவே நல்ல காட்டை ஒட்டிய துண்டு சீக்கிரம் மீளும், தனித்துக் கிடக்கும் துண்டு பல பத்தாண்டுகள் ஆனாலும் புல்லாகவே கிடக்கும். ஏலக்கிழங்கை அகற்றும் வேலையைத் தொடங்குவதானால் காட்டின் விளிம்பில் இருந்து உள்ளே நகர்வதுதான் பலன் தரும். முதலில் தரைக்குச் சருகு வேண்டும், பிறகு புதர், அதன் நிழலில்தான் கன்று.