ஈற்றயல் அசை: எழுத்தை எண்ணாதீர்கள்

‘இலத்தீனில் அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய எழுத்தில் விழும்.’ மொழிநூல் மொழிபெயர்ப்புகளில் இந்த வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. இது தப்பு. அழுத்தம் ஏறுவது அசையில், அதாவது ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலித்துண்டில்; எழுத்தில் அன்று.

‘கடைசிக்கு முந்தைய’ என்பதற்கு ஆங்கில மூலச்சொல் பெனல்ட்டிமேட். ‘ஏறக்குறைய’ என்ற பொருளுள்ள இலத்தீன் பைனெ, ‘இறுதி’ என்ற உல்டிமாவோடு சேர்ந்தது. தமிழில் ஈறு + அயல், ஈற்றயல். குற்றியலுகரத்தை ஈற்றயல் எழுத்தை வைத்து ஆறாகப் பிரிக்கப் பள்ளியிலேயே படிக்கிறோம். அப்படிக் கைக்குள் கிடக்கும் சொல்லை விட்டு ‘கடைசிக்கு முந்தைய’ என்று நீட்டுவானேன்? ‘உபாந்தியம்’ என்பாரும் உண்டு. பொருளில் பிழையில்லை, ஆனால் அதற்கே ஒரு விளக்கம் வேண்டியிருக்கிறது.

இலக்கணத்தில் ஈற்றயல் எழுத்து மெய்யாகவும் இருக்கலாம். ‘பாட்டு’ என்பதில் அது ட். அந்தக் கணக்கை அப்படியே அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் கெட்டது. ஆசிரியரைக் குறிக்கும் இலத்தீன் சொல் மகிஸ்தெர். எழுத்தெண்ணினால் ஈற்றயல் ‘தெ’. அசை பிரித்தால் ம-கிஸ்-தெர், அழுத்தம் ‘கிஸ்’ மேல். ஆகவே ‘அசை’ என்ற சொல்லை விழுங்கவே கூடாது.

இன்னொரு பிழை, ‘ஈற்றிலிருந்து’ என்பதை விட்டுவிட்டு வெறுமனே ‘இரண்டாம் அசை’ என்று எழுதுவது. ஈற்றயல் அசையில் அழுத்தம் ஏறும் சுவாஹிலியின் ஹ-பா-ரி மூன்றசைச் சொல் என்பதால் தப்பித்துக்கொள்ளும். கி-ஸ்வா-ஹி-லி? அழுத்தம் ‘ஹி’யில் இருக்க, படிப்பவர் ‘ஸ்வா’வை அழுத்துவார். பிழை படிப்பவருடையதன்று, எழுதியவருடையது.

யாப்பு படித்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘கடல்’ யாப்பில் ஒரே அசை, நிரை. மொழியியலில் க-டல் என இரண்டு. ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. ஐ, ஔ ஒவ்வொன்றும் ஒன்றே. ஈற்றிலிருந்து உயிரொலிகளை எண்ணிக்கொண்டு வந்தால் போதும், இடையில் எத்தனை மெய் நின்றாலும் கணக்குப் பிசகாது.

ஈற்றயலுக்கும் முந்தியதை ‘ஈற்றயல் முன்னசை’ எனலாம். ஸ்பானிய மொழிக்கு மூன்றும் தேவை. தெர்மினோ என்று நாம் ஒரே மாதிரி எழுதுவது அங்கே மூன்று சொற்கள்: ஈற்றசையில் அழுத்தினால் ‘அவர் முடித்தார்’, ஈற்றயலில் ‘நான் முடிக்கிறேன்’, ஈற்றயல் முன்னசையில் ‘கலைச்சொல்’. தமிழ் எழுத்தில் பெயர்க்கும்போது அழுத்தம் எங்கே என்று பக்கத்தில் குறிக்காத அகராதியை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் எப்படிப் பிரிப்பது?