32 பைட்டில் ஒரு கடல்

இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், 49 டிகிரி தெற்கில், கெர்கெலன் என்றொரு பிரெஞ்சுத் தீவுக்கூட்டம் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை யானை சீல்கள் என்னும் பெரிய கடல்நாய்கள் அதன் கரையில் வந்து கிடக்கும், முடி உதிர்ப்பதற்காக. பழைய முடி தோலின் மேற்படலத்தோடு பட்டை பட்டையாக உரிந்து விழும். புது முடி வந்த பிறகுதான் ஆய்வாளர்கள் நெருங்குவார்கள். மயக்க மருந்து கொடுத்து, உச்சந்தலையைத் துடைத்து உலர்த்தி, எபாக்ஸி பசையால் முடியின் மேல் கடலை அளக்கும் ஒரு கருவியை ஒட்டுவார்கள். எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். பல நூறு கிலோ உடம்புக்கு அது ஒரு சுமையே இல்லை என்பது அவர்கள் கணக்கு. சீலிடம் யாரும் கேட்கவில்லை.

சீல் எதற்கு? உலகக் கடல்களில் ஆர்கோ என்னும் ஏறக்குறைய 4,000 தானியங்கி மிதவைகள் பத்து நாளுக்கொரு முறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலேறி, வழியெல்லாம் அளவெடுத்து அனுப்புகின்றன. மேலே கடல் உறைந்திருந்தால் அந்த மிதவை பனி விலகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அண்டார்டிகாவின் குளிர்காலத்தில் கப்பல் போவதும் அரிது. சீலுக்கோ அது இரை தேடும் இடம். இரவு பகலாக முக்குளிக்கும். ஒவ்வொரு முறையும் இருபது, முப்பது நிமிடம் உள்ளே. பல நூறு மீட்டர் ஆழம், சில சமயம் 2,000 மீட்டருக்கும் கீழே. மூச்சு வாங்க மேலே இருப்பது இரண்டு மூன்று நிமிடம்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் உருவான இந்தக் கருவி அளப்பது மூன்றைத்தான். நீரின் அழுத்தம் ஆழத்தைச் சொல்லும். அடுத்தது வெப்பநிலை. மூன்றாவது, நீர் எவ்வளவு எளிதாக மின்சாரத்தைக் கடத்துகிறது என்பது. அதிலிருந்து உப்பின் அளவைக் கணக்கிடலாம். சீல் ஆழத்திலிருந்து மேலேறும்போது இவை பதிவாகும்.

அளப்பது எளிது. அனுப்புவதுதான் பாடு. கடல்நீருக்குள் ரேடியோ அலை அதிக தூரம் செல்லாது. எனவே தலை வெளியே வந்ததும் ஓர் உணரி அதை அறிந்து, ஆர்கோஸ் செயற்கைக்கோள்களை நோக்கிச் செய்தியை அனுப்பத் தொடங்கும். அந்த நிமிடத்தில் செயற்கைக்கோள் வானில் இருந்தாக வேண்டும். இருந்தாலும் ஒரு செய்திக்கு அதிகபட்சம் 256 பிட், அதாவது 32 பைட்தான் இடம். 'கடல்நாய்' என்ற சொல்லை யுனிகோடில், யூடிஎஃப்-8 முறையில் எழுதினாலே 24 பைட் போய்விடும்!

அதனால் கருவி கடலுக்குள்ளேயே கணக்குப் போடுகிறது. வெப்பநிலை ஆழத்தோடு மாறுவதை ஒரு வளைகோடாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல்முனையையும் கீழ்முனையையும் நேர்கோட்டால் இணைத்தால், உண்மையான வளைவு எங்கோ அதிலிருந்து மிகவும் விலகி நிற்கும். அந்தப் புள்ளியைக் கருவி எடுத்துக்கொள்ளும். இப்போது கோடு இரண்டாக உடைந்திருக்கும். அடுத்து எங்கே அதிக விலகல்? அதையும் எடுக்கும். இப்படிச் சுமார் இருபது புள்ளிகள் சேர்ந்தால் போதும். புள்ளி சரியாக விழுந்தால் கோலத்தை நாம் போட்டுக்கொள்ளலாம்.

இப்படி வந்த எண்கள் சாதாரணமானவை அல்ல. அண்டார்டிகாவின் டார்ன்லி முனை, இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் இருக்கும் பிரிட்ஸ் விரிகுடாவுக்கு மேற்கே இருக்கிறது. அங்கே காற்று பனிக்கட்டியைக் கரையிலிருந்து ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். திறந்த நீர் மீண்டும் மீண்டும் உறையும். உறையும்போது உப்பின் பெரும்பகுதி பனிக்குள் போகாமல் நீரிலேயே தங்கிவிடும். கனத்துப்போன அந்த நீர் சரிவில் வழிந்து பெருங்கடலின் அடித்தளத்துக்கு இறங்கும். இத்தகைய அடிநீர் பிறக்கும் இடங்களாக அதுவரை மூன்றுதான் தெரியும். டார்ன்லி நான்காவது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் எழுதினார்கள். கடலடியில் நங்கூரமிட்ட கருவிகளோடு, 1,800 மீட்டர் வரை இறங்கிய சீல்களும் அதற்குச் சாட்சி.

எனக்குப் பிடித்தது வேறொன்று. சீல்களின் ஆழக் கணக்கைக் கடலடி வரைபடத்தோடு ஒப்பிட்டபோது, சில இடங்களில் அவை தரைக்கும் கீழே போயிருந்தன. பிழை வரைபடத்தில்தான். கிழக்கு அண்டார்டிகாவின் வின்சென்ஸ் விரிகுடாவில் 2,000 மீட்டருக்கும் ஆழமான ஒரு பள்ளத்தாக்கு இப்படித்தான் தெரியவந்தது. அதன் பெயரில் யானை சீலின் அறிவியல் பெயரான 'மிரூங்கா' சேர்ந்திருக்கிறது.

அடுத்த ஆண்டு முடி உதிரும்போது கருவியும் உதிரும். பெரும்பாலானவை தொலைந்துபோகும். சில கருவிகள் மட்டும் மீண்டும் கைக்குக் கிடைக்கின்றன. அவற்றின் நினைவகத்தில், 32 பைட்டில் இடமில்லாமல் விடப்பட்ட அளவுகள் அத்தனையும் இருக்கும்.